கம்பெனிப் பத்திரம் முதல் டிரஷரி பில் வரை: இந்திய அரசுக் கடனின் கதை

அரசாங்கம் மக்களிடம் வாங்கும் கடனுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே அரசுக் கடன் பத்திரம். அதில் பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும். எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பது முகமதிப்பு. ஆண்டுதோறும் அதற்கு எவ்வளவு வட்டி என்பது கூப்பன். எந்த நாளில் அசல் திரும்பும் என்பது முதிர்வு. வழக்கமான பத்திரத்தில் இந்த மூன்றும் எழுதப்பட்ட நாளிலிருந்து மாறுவதில்லை. மாறுவது பத்திரத்தின் சந்தை விலையும், திரும்பி வரும் ரூபாயின் வாங்கும் சக்தியும்தான். இந்தியாவில் இருநூறு ஆண்டுகளாக இந்தப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் பெற்ற லாபமும் பட்ட நட்டமும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் அடங்கும்.

அரசர்கள் கடன் வாங்குவது பழைய வழக்கம். ஆனால் அரசரின் கடன் வேறு, அரசின் கடன் வேறு. 1694-இல் இங்கிலாந்து வங்கி தோன்றியபோது, பிரெஞ்சுப் போருக்காக 12 லட்சம் பவுன் 8 சதவீத வட்டிக்குத் திரட்டப்பட்டது. அந்த வட்டிக்காக நாடாளுமன்றம் குறிப்பிட்ட வரிகளை ஒதுக்கியது. மன்னர் இறந்தாலும் மாறினாலும் வட்டி நிற்காது என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் கடன் எப்படி வளரும் என்பதற்கு 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையே சான்று.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்த காலத்தில், அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களே. பால் பென்ஃபீல்டு என்பவர் அவர்களில் பெயர்போனவர். கொடுத்த கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி அவர்கள் கைக்குப் போனது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களே கம்பெனியின் கொள்கையையும் நிர்ணயிக்கும் நிலை வந்தது. 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்தக் கடன்களைப் பற்றியதுதான். 1801-இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, 1805-இல் ஒரு விசாரணை ஆணையம் அமர்ந்தது. அதன் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கும் அதிகம். கால் நூற்றாண்டு நீண்ட விசாரணையின் முடிவில் உண்மையானவை என ஏற்கப்பட்டவை 27 லட்சம் பவுன் அளவே. பத்தில் ஒரு பங்குகூட நிற்கவில்லை. உயர்ந்த வட்டி தருவதாகச் சொல்லும் கடன்காரரைப் பற்றி இதைவிடத் தெளிவான கணக்கு இந்திய வரலாற்றில் அரிது.

கம்பெனி தன் பெயரில் வாங்கிய கடன் வேறு வகை. மைசூர்ப் போர்களும் மராத்தியப் போர்களும் அதன் கஜானாவைக் காலி செய்தன. கல்கத்தா, சென்னை, பம்பாய்க் கஜானாக்களில் கடன் திறந்து வைக்கப்படும். பணம் கட்டியவருக்குப் புரோநோட்டு கிடைக்கும். வாங்கியவர்களில் ஐரோப்பிய அதிகாரிகள், வணிக நிறுவனங்கள், இந்தியச் செல்வந்தர்கள் எனப் பலரும் இருந்தனர். நோட்டின் பின்புறம் கையெழுத்திட்டு அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கஜானாவில் காட்டி வட்டி வாங்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 8 சதவீதத்துக்கும் மேலாக இருந்த வட்டி, கம்பெனியின் ஆட்சி உறுதிப்பட உறுதிப்பட 6, 5, 4 என இறங்கியது. கடன் வாங்குபவர் மீது நம்பிக்கை கூடினால் வட்டி குறையும் என்ற விதி இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

இந்த நம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர் இந்திய வரிதாரர். 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம், கம்பெனிப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீத ஈவுத்தொகையை இந்திய வருவாயிலிருந்து உறுதி செய்தது. 1858-இல் ஆட்சி பிரிட்டிஷ் அரசியின் கைக்கு மாறியபோது கம்பெனியின் கடன்களும், 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கணக்கிலேயே ஏறின. 1874-இல் கம்பெனி கலைக்கப்பட்டபோது, நூறு பவுன் பங்குக்கு இருநூறு பவுன் கொடுத்துத் தீர்த்ததும் அதே கணக்கிலிருந்துதான். ரயில் பாதை போட வந்த லண்டன் நிறுவனங்களுக்கு 1849 முதல் 5 சதவீத வட்டி உத்தரவாதம் கிடைத்தது. பாதையில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி வரும் என்பதால் செலவைக் குறைக்க எவருக்கும் அக்கறை இல்லை. போட்ட பணம் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் முதலீட்டாளருக்குக் கவலையில்லை என்று, இந்தியாவில் நிதிப் பொறுப்பு வகித்த மாஸ்ஸி பின்னாளில் சாட்சியமே அளித்தார்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கார் பத்திரம் என்றால் மூன்றரை சதவீதப் பத்திரம் என்று பொருள். அதற்கு முதிர்வு நாள் கிடையாது. அரசு விரும்பினால் அசலைத் தரும், இல்லாவிட்டால் வட்டி மட்டும் தொடரும். 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அறப்பணத்தை எதில் போடலாம் என்று பட்டியலிட்டது. அதில் முதலிடம் அரசுப் பத்திரங்களுக்கு. கோவில் கட்டளை, சிறுவர் சொத்து, விதவையின் ஜீவனாம்சத்துக்கான வைப்பு என, இழக்கக் கூடாத பணமெல்லாம் இதில் வந்து சேர்ந்தது. சிறு சேமிப்பாளருக்கு இந்தப் பத்திரம் எட்டாத உயரத்தில் இருந்தது. அவருக்காக 1882 ஏப்ரலில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. அங்கே கட்டிய பணமும் அரசுக்குக் கொடுத்த கடன்தான். கையில் பத்திரத்துக்குப் பதில் பாஸ்புத்தகம் இருக்கும், சந்தை விலை என்ற தொல்லை இருக்காது.

மூன்றரை சதவீதம் குறைவு என்று நினைத்த சென்னைக்காரர்கள் தனியார் வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனியில் பணம் போட்டார்கள். அதன் வட்டி சர்க்கார் வட்டியைவிடக் கூடுதல். அதன் பெயர் சர்க்காருக்கு நிகராக மதிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், கோவில் தர்மகர்த்தாக்கள் அதை நம்பினர். 1906 அக்டோபர் 22 அன்று அது கதவை மூடியது. லண்டன் கூட்டாளியின் ஊக வணிகமும் எங்கெங்கோ போட்ட கடன்களும் சேர்ந்து அதை வீழ்த்தின. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த வீழ்ச்சியின் கோபத்தில் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று தொடங்கியதே 1907-இல் பிறந்த இந்தியன் வங்கி. இரண்டு வட்டிகளுக்கு இடையிலான ஓரிரு சதவீத வேறுபாடு உண்மையில் ஆபத்துக்கான கூலி என்பதைச் சென்னை அன்று அதிக விலை கொடுத்து அறிந்தது. வங்கி வைப்புக்கு அரசு ஏற்பாட்டில் காப்பீடு வர மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று: 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி சரிந்த பிறகு, 1962 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. அந்த வரம்பு 2020-இல் 5 லட்சமாக உயர்ந்தது.

ஆனால் சர்க்கார் பத்திரத்தை வைத்திருந்தவரும் தப்பவில்லை. முதல் உலகப் போர் வந்தது. இந்தியாவின் பெயரில் பிரிட்டனுக்கு 10 கோடி பவுன் 'அன்பளிப்பாக' அறிவிக்கப்பட்டது. அதைத் திரட்ட 1917-இல் போர்க்கடன் வெளியானது. வட்டி 5 சதவீதம், அதற்கும் மேல். புதுப் பத்திரம் நூறு ரூபாய்க்கு ஐந்தரை ரூபாய் தரும்போது, மூன்றரை ரூபாய் தரும் பழைய பத்திரத்தை நூறு ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்? இரண்டின் வருமானமும் சமமாக வேண்டுமானால் பழையதன் விலை 64 ரூபாய்க்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கவும் செய்தது, போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மூன்றரை சதவீதப் பத்திரம் முகமதிப்பில் பாதியை நெருங்கியது. அரசு ஒரு தவணை வட்டியைக்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் மகளின் கல்யாணத்துக்காக அன்று விற்றவருக்கு மூலதனத்தில் பெரும்பகுதி போயிற்று. வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். முதிர்வு எவ்வளவு தொலைவோ, இறக்கமும் அவ்வளவு கடுமை. முதிர்வே இல்லாத பத்திரத்துக்கு அடி மிகப் பலம்.

அதே 1917-இல் இரண்டு புதுமைகள் அறிமுகமாயின. ஒன்று, சில மாதங்களில் முதிரும் டிரஷரி பில். அதற்குத் தனியாக வட்டி கிடையாது. நூறு ரூபாய் பில் நூறுக்குக் குறைவான விலைக்கு விற்கப்படும், வேறுபாடே லாபம். இன்னொன்று அஞ்சலகக் காசுச் சான்றிதழ். 7 ரூபாய் 12 அணா கொடுத்தால் ஐந்து ஆண்டு கழித்துப் பத்து ரூபாய் வரும். கூட்டுவட்டியில் அது ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். பிற்காலத்துத் தேசியச் சேமிப்புப் பத்திரத்துக்கும், பணத்தை இரட்டிப்பாக்கும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கும் இதுவே முன்னோடி. தாசில்தாரும் மணியக்காரரும் வற்புறுத்தி விற்றார்கள் என்ற முணுமுணுப்பும் அன்றே தொடங்கியதுதான்.

பத்திரம் வாங்குவது அரசியல் செயல் என்பதை விடுதலை இயக்கம் கண்டுகொண்டது. 1922-இல் கயா காங்கிரஸ், அன்னிய அரசு இனி வாங்கும் கடன்களுக்குச் சுதந்திர இந்தியா பொறுப்பேற்காது என்று தீர்மானித்தது. லண்டன் நிதிச் சந்தை இதை எரிச்சலோடு பார்த்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் மாநாட்டை அடுத்து, கடனில் எது இந்தியாவுடையது, எது பிரிட்டனுடையது என்று ஆராய ஒரு குழு அமைந்தது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி. ஷா ஆகியோரோடு அதில் பணியாற்றியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கணக்கியல் பயின்ற அவர் ஏடுகளைத் தோண்டினார். இந்தியாவுக்கு வெளியே நடந்த போர்களின் செலவும், 1857-ஐ அடக்கிய செலவும், கம்பெனிப் பங்குகளை வாங்கிய செலவும் இந்தியாவின் தலையில் கட்டப்பட்டது நியாயமன்று என்று குழு வாதிட்டது. காங்கிரஸ் எழுதிய ஆவணங்களில் இத்தனை வறண்டதும் இத்தனை கூர்மையானதும் குறைவு.

இந்தக் கடன் பிரச்சினையைத் தீர்த்தது வாதமல்ல, இரண்டாம் உலகப் போர். 1935-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி அரசுக் கடனை நிர்வகித்து வந்தது. இந்தியாவிடமிருந்து பிரிட்டன் வாங்கிய போர்ப் பொருள்களுக்கான தொகை லண்டனில் ஸ்டெர்லிங்காகக் குவிந்தது. அதைக் கொண்டே லண்டனில் வாங்கியிருந்த பழைய ஸ்டெர்லிங் கடன் ஏறக்குறைய முழுவதும் அடைக்கப்பட்டது. போர் முடிந்தபோது இந்தியா கடன் கொடுத்த நாடாக மாறியிருந்தது. அந்தச் செல்வத்தின் மறுபக்கம் அச்சடித்த ரூபாய் நோட்டும், ஏறிய விலைவாசியும், 1943 பஞ்சத்தில் வங்கத்தில் விழுந்த பிணங்களும்.

1946-இல் மூன்றரை சதவீதப் பத்திரத்தின் கதை முடிந்தது. வட்டி விகிதம் அப்போது மிகவும் தாழ்ந்திருந்தது. அரசு தனக்கிருந்த உரிமையைப் பயன்படுத்தி, பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் 3 சதவீத மாற்றுக் கடனுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. வட்டி ஏறும்போது பத்திரதாரர் சிக்கிக்கொண்டார். இறங்கும்போது அரசு தப்பித்துக்கொண்டது. திருப்பித் தரும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஆட்டம் அப்படித்தான் போகும். இன்றும் 'அழைப்பு உரிமை' உள்ள பத்திரம் வாங்குபவர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே. மூன்று சதவீதத்துக்கு மாறியவர்களோ, பின்னர் வட்டி விகிதம் இரட்டை இலக்கத்தைத் தொட்ட பத்தாண்டுகளையும் பார்க்க வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியா சேமிப்பைத் தேசப்பணியாக்கியது. அஞ்சலகச் சான்றிதழ்கள், 1968-இல் பொது வருங்கால வைப்பு நிதி, பள்ளிகளில் சஞ்சாயிகா, வீடு தேடி வந்து தொடர்வைப்புப் பணம் வாங்கும் பெண் முகவர்கள் எனச் சிறுசேமிப்பு ஊரெங்கும் பரவியது. 1964-இல் யூனிட் டிரஸ்ட் வந்து பத்து ரூபாய் யூனிட்டுகளை விற்றது. அது பங்குகளிலும் பணம் போடும் நிதி. ஆனால் அரசின் நிழலில் இருந்ததால் மக்கள் அதையும் சர்க்கார் பத்திரமாகவே எண்ணினர். 2001 ஜூலையில் அந்த யூனிட்டுகளின் விற்பனையும் திருப்பி வாங்குதலும் நிறுத்தப்பட்டபோதுதான் வேறுபாடு உறைத்தது. பின்னர் பலருக்கு அவை 6.75 சதவீத வரியில்லாப் பத்திரங்களாக மாற்றித் தரப்பட்டன.

தங்கத்தையும் அரசு விடவில்லை. 1962-இல் சீனப் போரையொட்டி நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கப் பத்திரம் வெளியிட்டார். தங்கத்தைக் கொடுத்தால் 15 ஆண்டுகளுக்கு ஆறரை சதவீத வட்டி. ஆனால் தங்கத்தின் மதிப்பு பத்து கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு என்ற பன்னாட்டு விலையில் போடப்பட்டது. உள்நாட்டுச் சந்தையிலோ அது ஏறக்குறைய இரு மடங்கு. சுமார் 16 டன் மட்டுமே வந்தது. தொடர்ந்து வந்த தங்கக் கட்டுப்பாடு பொற்கொல்லர்களின் வயிற்றில் அடித்தது. 1965-இல் வந்த தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரம் நியாயமானது: 1980-இல் தங்கமாகவே திருப்பித் தருவதாகச் சொன்னது. அந்த 15 ஆண்டில் தங்கத்தின் விலை பல மடங்கு ஏறியதால், வாங்கியவர்கள் பிழைத்தார்கள்.

மற்ற பத்திரங்களை வைத்திருந்தவர்கள் அப்படிப் பிழைக்கவில்லை. 1974-75-இல் மொத்த விலைவாசி 25 சதவீதம் ஏறியது. அதே 1974 முதல் டிரஷரி பில்லின் தள்ளுபடி விகிதம் 4.6 சதவீதம் என்று கட்டிவைக்கப்பட்டு, தொண்ணூறுகளின் வாசல்வரை நகரவே இல்லை. அரசு எப்படி அவ்வளவு மலிவாகக் கடன் பெற்றது? வாங்குபவர் விரும்பி வாங்கவில்லை என்பதே விடை. வங்கிகள் தங்கள் வைப்பில் ஒரு பங்கை அரசுப் பத்திரங்களில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கு 1990 வாக்கில் 38.5 சதவீதத்தை எட்டியது. அதுவும் போதாதபோது அரசு எழுதித் தந்த 'அட்-ஹாக்' பில்களை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாயை வழங்கியது. வங்கியில் பணம் போட்ட சாதாரண மனிதர், தாம் அறியாமலேயே அரசுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1992 இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் பங்குச் சந்தை ஊழல் என்றே நினைவில் நிற்கிறது; பணம் கசிந்த ஓட்டை அரசுப் பத்திரச் சந்தையில் இருந்தது. பத்திரம் கைமாறுவதைக் கையால் எழுதும் பேரேட்டில் பதிந்தார்கள். பத்திரத்துக்குப் பதில் வங்கிகள் ரசீது கொடுத்துக்கொண்டன. சில ரசீதுகளுக்குப் பின்னால் பத்திரமே இல்லை. ரிசர்வ் வங்கியின் ஜானகிராமன் குழு கண்ட பள்ளம் சுமார் 4,000 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூனில் பத்திரங்களை ஏலம் விடும் முறை தொடங்கியது. வட்டியை அரசு மட்டும் நிர்ணயித்த காலம் முடிந்தது. 1994-இல் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. ரங்கராஜன் காலத்தில் அரசோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, 1997 ஏப்ரலில் அட்-ஹாக் பில்கள் ஒழிந்தன. காகிதம் மறைந்து கணினிப் பதிவு வந்தது. 2005 முதல் வர்த்தகமும் திரையில் நடக்கிறது.

ஏலத்தின் விளைவு உடனே தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி 14 சதவீதம் வரை ஏறியது. 2003-இல் சந்தை வருமானம் 5 சதவீத அளவுக்கு இறங்கியது. 14 சதவீதப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த வங்கிகளுக்கு அது பொற்காலம். 1917-இல் நடந்ததன் நேர் எதிர்.

தனிமனிதருக்கு இந்தச் சந்தை மெல்லவே திறந்தது. 2002-இல் ஏலத்தில் 5 சதவீதம் வரை சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வங்கி அல்லது தரகர் வழியாகத்தான் போக முடிந்ததால் ஆள் சேரவில்லை. 2015 நவம்பரில் வந்த தங்கப் பத்திரம் மக்களுக்குப் பிடித்திருந்தது. எட்டு ஆண்டு, போட்ட தொகைக்கு ஆண்டு வட்டி, முடிவில் அன்றைய தங்க விலையில் ரூபாய். முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய். 2023-இல் திரும்பக் கிடைத்தது 6,132 ரூபாய். விலை ஏற்றத்தின் சுமை அரசின் மேல் விழுந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு இல்லை.

2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய 'ரீடெயில் டைரக்ட்' திட்டத்தில் எவரும் ரிசர்வ் வங்கியிலேயே கணக்குத் திறந்து, குறைந்தது 10,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கலாம். கணக்குக்குக் கட்டணம் இல்லை. விலை சொல்லத் தேவையில்லை. பெரிய நிறுவனங்களின் ஏலத்தில் முடிவாகும் சராசரி விலையே சிறு முதலீட்டாளருக்கும். 91, 182, 364 நாள் டிரஷரி பில்கள், மத்திய அரசுப் பத்திரங்கள், மாநில அரசுப் பத்திரங்கள் மூன்றும் கிடைக்கும். 91 நாள் பில் 98 ரூபாய் 50 காசுக்குக் கிடைத்தால், ஆண்டுக் கணக்கில் வருமானம் சுமார் 6.1 சதவீதம். '7.18% ஜிஎஸ் 2033' என்ற பெயருள்ள மத்திய அரசுப் பத்திரத்தில் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 ரூபாய் 18 காசு, ஆறு மாதத்துக்கு 3 ரூபாய் 59 காசாக வரும். 2033-இல் நூறு ரூபாய் திரும்பும். வட்டிக்கு அவரவர் வரி வரம்பின்படி வருமான வரி உண்டு.

சந்தை விலையே வேண்டாம் என்பவருக்கு 2020 ஜூலை முதல் ஏழாண்டுச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. அதன் வட்டி தேசியச் சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35 சதவீதம் கூடுதல்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும். அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. மூத்த குடிமக்களுக்கு மட்டும் சில ஆண்டுகளுக்குப் பின் முன்கூட்டியே எடுக்கும் சலுகை உண்டு. ரீடெயில் டைரக்டில் வாங்கிய பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் சந்தையில் பேரம் கோடிக்கணக்கில் நடப்பதால், பத்தாயிரம் ரூபாய்ப் பத்திரத்துக்கு நல்ல விலை கொடுப்பவர் கிடைப்பது அரிது. வாங்கும் வழி எளிதாகிவிட்டது. விற்கும் வழி இன்னும் எளிதாகவில்லை. எனவே இன்றைய நிலையில் சிறு முதலீட்டாளருக்கு இது முதிர்வுவரை காத்திருக்கக்கூடிய பணத்துக்கு மட்டுமே ஏற்ற இடம்.